குவைத் கம்ப்யூட்டர் என் வீட்டில்தான் இருக்கிறது

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு போட்டி நடந்ததே, நினைவிருக்கிறதா? அவரவர் வீட்டில் இருக்கும் ஆகப் பழைய கம்ப்யூட்டரைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று ஒருவர் தொடங்கிவைத்தார். மஞ்சள் பூத்த டப்பாக்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் பரணிலிருந்து இறக்கியதில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. இன்னொருவர் வீட்டு மானிட்டர் மேல் இட்லி மாவுச் சட்டி உட்கார்ந்திருந்தது. ஒன்றும் ஓடாது. கடைசியில் நானும் ஒரு படம் போட்டேன். வெறும் கீபோர்டுதானே, மிச்சம் எங்கே என்று கேட்டீர்கள். மிச்சம் கிடையாது, கீபோர்டுக்குள்ளேயேதான் கம்ப்யூட்டர் என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினீர்கள். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் மட்டும் அக்கறையாக எழுதினார்: "இத வச்சு என்ன செய்யப்போற? எதாச்சும் மியூசியத்துக்குக் குடுத்திரு தாயி."

அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அது ஓடுகிறது. சங்கரன்கோவிலுக்கு எப்போது வந்தாலும் வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். ஆனால் கொடுத்துவிடு என்று மட்டும் அதைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாது. எனக்குப் பொல்லாத கோபம் வரும். நீங்களெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் நான் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்காவது கேளுங்கள்.

பெரிய காரணம் எதுவும் இல்லை. பரீட்சை லீவில் நான் பெரிய பிள்ளையானேன். இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டாள். மாமி என்றால் என் வாப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாயில்லாமல் போன தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். புருஷனை இழந்தபின் மகனோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் வீடு என்பதைவிட அவள் வீட்டில் நாங்கள் இருந்தோம் என்பதுதான் சரி. சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. வாப்பா குவைத்தில் ஓர் ஆபீசில் டீ போட்டுக்கொண்டிருந்தார். உம்மா அடுப்படியில் இருந்தாள். மாமி மகன், எனக்கு மச்சான், பாளையங்கோட்டையில் காலேஜில் சேரப்போகிறவர் என்பதால் அவருக்கு மட்டும் தினமும் முட்டை உண்டு.

அந்த லீவில்தான் வாப்பா ஊருக்கு வந்தார். குவைத் பெட்டியைத் திறக்கும்போது தெருவே கூடும் என்பது உங்களுக்கும் தெரியும், நீங்களும் வந்து நின்றவர்கள்தானே. அத்தரும் சோப்பும் புதுத்துணியும் கலந்த அந்த வாசம் இப்போது எந்த ஏர்போர்ட்டிலும் கிடைப்பதில்லை. தைலம், டார்ச் லைட், மாமிக்குத் தஸ்பீஹ் மணி, மச்சானுக்கு வாட்ச். எல்லாவற்றுக்கும் அடியில், கைலியில் சுற்றி, இது இருந்தது. ஆபீஸ் முதலாளி வீட்டுப் பிள்ளைக்குப் புதுசு வாங்கியதும் பழசைக் குப்பைக்குப் போடச் சொன்னார்களாம். வாப்பா கேட்டு வாங்கிவந்திருக்கிறார்.

"இது என் மவளுக்கு," என்றார். கூட்டத்தில் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. உம்மாவுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் மாமி அதைக் கையில் எடுத்துவிட்டாள்.

கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மூலையில் இங்கிலீஷ் எழுத்து, இன்னொரு மூலையில் அரபி எழுத்து. அலிஃப், பே, தே, எல்லாம் வரிசை கலைந்து கிடந்தன. மாமிக்கு அரபி எழுத்து என்றால் குர்ஆன்தான். வேறு எங்கும் அவள் அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. அரபு நாட்டில் கடைக்கணக்கும் அதே எழுத்தில்தான் எழுதுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை. "யா அல்லாஹ்" என்று கட்டைகளை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடனே அதைத் தரையில் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டாள்.

"அக்கா, அது மிசினு. டிவில மாட்டுனா படம் வரும், கணக்கு போடும்," என்றார் வாப்பா.

"எதா இருந்தா என்னலே. அதுல எழுதியிருக்கது என்ன எழுத்துன்னு பாத்தியா? கால் படுத இடத்துலயா வைப்பாக?"

அக்கா முன்னால் வாப்பா எப்போதும் பத்து வயதுப் பையன்தான். கம்ப்யூட்டர் பச்சை வெல்வெட் துணியில் சுற்றப்பட்டு, அலமாரியின் மேல்தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் ஏறியது. ஒளு செய்யாமல், அதாவது தொழுகைக்கு முன் கழுவுவதுபோல் கைகால் முகம் கழுவாமல், யாரும் தொடக்கூடாது. முக்காடு இல்லாமல் தொடக்கூடாது. குர்ஆனை முழுசாக ஓதி முடித்தவர்கள் மட்டும்தான் தொடலாம்.

சிரிக்காதீர்கள், இந்தச் சட்டத்தில் எனக்கு விழுந்த யோகத்தைப் பாருங்கள். வீட்டில் சின்னவர்களில் ஓதி முடித்தவள் நான் ஒருத்திதான். மச்சான் முப்பது ஜுஸ்உவில் நாலாவது பாகத்திலேயே மதரஸாவின் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடியவர். அவர் அலமாரிப் பக்கம் வந்தாலே மாமி கையை ஓங்குவாள். இப்படியாக அந்த வீட்டில், அந்த வயதில், எனக்கென்று ஒரு பொருள் அமைந்தது.

வாப்பா திரும்பிப் போவதற்குள் அதை டிவியில் மாட்டக் கற்றுக்கொடுத்தார். கதவு வைத்த பழைய கறுப்பு வெள்ளை டிவி. ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரைச் சொருகி, சேனல் திருகைக் கீச்சென்று சுற்றினால் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் திரை வரும், ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கிடக்கும். கட்டையைத் தட்டினால் எழுத்து வரும். நான் தட்டி நான் பார்த்த முதல் எழுத்து. கொஞ்ச நேரத்தில் கீபோர்டின் வலது பக்கம் சூடாகி லேசான பிளாஸ்டிக் வாசம் வரும். அந்தச் சூட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

கூடவே ஒரு தடித்த புத்தகம் வந்திருந்தது. முழுக்க அரபி, நடுநடுவே சில இங்கிலீஷ் வரிகள். அந்த இங்கிலீஷ் வரிகளை அப்படியே அடித்தால் மிசின் சொன்னதைச் செய்தது. பிரிண்ட் என்றால் எழுதும். கோ டு என்றால் திரும்பப் போகும். ரன் என்றால் ஓடும். இதற்கு எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது.

அரபி? நம் வீட்டுப் பிள்ளைகள் அரபி படிப்பது எப்படி என்று மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுத்துக்கூட்டி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, மூக்கில் கொண்டுவர வேண்டியதை மூக்கில் கொண்டுவந்து, பிசகில்லாமல் ஓதுவோம். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. அந்தப் புத்தகத்தையும் நான் அப்படித்தான் வாசித்தேன். குர்ஆனில் இருக்கும் மேல்குறி கீழ்க்குறி எதுவும் அதில் இல்லை, அதனால் உத்தேசமாக ராகம் போட்டேன். அடுப்படியில் மாமி கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். சில பக்கங்களுக்கு அவள் அழுததும் உண்டு. "இந்தப் பிள்ளைக்கு என்ன குரலைக் குடுத்திருக்கான் ரப்பு" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னாள். அவர்களும் வந்து முக்காடு போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி தடதடவென்று அடிக்க, நான் கம்ப்யூட்டர் புத்தகத்தை ஓத, தெருவே கண் மூடிக் கேட்டது.

மாமிக்கு அந்தப் பெருமை தாங்கவில்லை. பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்திருந்த ஆலிம்சாவை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். இளவயதுக்காரர், வெளியூரில் அரபிக் கல்லூரியில் படித்துத் தேறியவர். திரைக்குப் பின்னால் பெண்கள் நிறைய, முன்னால் அவர். நான் நடுப்பக்கத்தைத் திறந்து, இருக்கிற ராகத்தையெல்லாம் இறக்கினேன்.

ஆலிம்சா முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ஏம்மா, அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் இங்கன குடு," என்று வாங்கிப் புரட்டினார். "லாத்தா, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. டிவி பெட்டிக்குப் பின்னாடி வயர எப்படிச் சொருகணும்னு இதுல சொல்லியிருக்கு. பிள்ள அதத்தான் ஓதுச்சு."

அவர் இன்னொரு பக்கம் திருப்பினார். "ஆமா, இந்த மிசினத் தொடுததுக்கு முன்னாடி பிள்ளைய என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"ஒளு செய்யாமத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் மாமி.

"ஈரக் கையோட தொட்டா கரண்டு அடிக்கும்னு இங்கன கொட்டை எழுத்துல போட்டிருக்கே லாத்தா!"

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள். ஆலிம்சா நல்ல மனுஷர், சமாளிக்கப் பார்த்தார். "எழுத்துக்கு மரியாத குடுத்தது நல்ல காரியம்தான் லாத்தா. ஆனா குவைத்துல மீன் கடை போர்டுலயும் இதே எழுத்துதான் இருக்கும்." அது இன்னும் மோசமாகப் போயிற்று.

மாமி சிரிக்கவில்லை. தெரு முன்னால் பட்ட வெட்கம் அவளுக்கு ஆறவே இல்லை. சாயங்காலமே பச்சை வெல்வெட்டை உருவிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் வைத்தாள். குர்ஆனுக்குப் பக்கத்தில் இருந்தவரைக்கும் அதை யாரும் கேட்டதில்லை. தரைக்கு வந்த மறுநாளே மச்சான் கேட்டார். காலேஜில் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பாடம் வந்திருக்கிறது, ஜூலையில் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். மாமிக்கு அது கண்ணில் படாமல் ஒழிந்தால் சரி.

"படிக்குத பையனுக்கு ஆகும். வீட்டுல சும்மா இருக்கப்போற பிள்ளைக்கு என்னத்துக்கு? குடுத்துரு."

"வாப்பா எனக்குத்தான் தந்தாக," என்றேன்.

"அதெல்லாம் அவன் அப்படிச் சொல்லமாட்டான். கேட்டு எழுதுதேன்." மச்சான் கையாலேயே கடிதம் எழுதிப் போட்டாள்.

பதில் வருகிறவரை என்னிடம் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த நாட்களில் நான் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கோடு போடும் வித்தை தெரிந்துவிட்டது. குறுக்கே சில கோடு, நெடுக்கே சில கோடு, தடித்தது ஒன்று, மெலிந்தது இரண்டு. வாப்பாவின் கைலிக் கட்டத்தைத் திரையில் கொண்டுவரப் பார்த்தேன். கொடியில் அவர் விட்டுப்போன கைலியைப் பார்த்துப் பார்த்து அடிப்பேன். பாதிக் கைலி வந்திருக்கும், கரண்டு போய்விடும். மிசினுக்கு ஞாபகம் என்பதே கிடையாது, அணைந்தால் எல்லாம் போச்சு. மறுபடி முதல் வரியிலிருந்து அடிக்க வேண்டும். எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. டேப் ரெக்கார்டரில் மாட்டினால் கேசட்டில் ஏற்றிவைக்கலாம் என்று புத்தகத்தில் படம் இருந்தது. ஆனால் வெறும் கேசட் வேண்டுமே. மாமியிடம் கேட்டால், "இந்தச் சனியனுக்குக் கேசட்டு வேறயா?" என்றாள். உம்மா கேட்டுக்கொண்டு நின்றாள்.

வாப்பாவின் பதில் கேசட்டாக வந்தது. அப்போது நம் தெருவில் பாதி வீடுகளில் புருஷன்மார்கள் கேசட்டுக்குள்தான் குடியிருந்தார்கள். யாராவது ஊருக்கு வருகிறவரிடம் பேசிக் கொடுத்து அனுப்புவார்கள். அதிலும் ஒரு முறை உண்டு, பெண்சாதி தனியாக முதலில் கேட்டுவிடுவாள், பிறகுதான் மற்றவர்களுக்குப் போடுவாள். அன்று ஆடித்தபசு. ஊர் முழுக்கக் கூட்டம், கோயில் பக்கம் ஒலிபெருக்கி. தறிகள் ஓடவில்லை. மாமியும் மச்சானும் கடையநல்லூரில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தார்கள். உம்மா கதவைச் சாத்திவிட்டு, என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேசட்டைப் போட்டாள்.

சலாம் சொன்னார். வெயில் அதிகம் என்றார். பணம் அனுப்பியிருப்பதைச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அக்கா எழுதியிருந்தா. அந்த மிசின மருமவன்ட்ட குடுத்துரு. பிள்ளைக்கு வேற எதாச்சும் வாங்கியாரேன். அக்கா மனசு கோணக்கூடாது."

எனக்கு அழுகை வரவில்லை. வாப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபத்தை நான் தப்பு என்று நினைக்கவில்லை. தந்த பொருளைத் திரும்பக் கேட்க அவருக்கு வாய் வந்தது, அக்காவிடம் முடியாது என்று சொல்ல வரவில்லை.

உம்மா மிச்சத்தையும் முழுசாகக் கேட்டாள். ஆட்டுக்குட்டியை விசாரித்தார், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றார், எல்லோருக்கும் சலாம் சொல்லி முடித்தார். உம்மா கேசட்டைப் பின்னால் சுற்றினாள். கொஞ்சம் கேட்பாள், நிறுத்துவாள், மறுபடி சுற்றுவாள். "அக்கா எழுதியிருந்தா" என்ற இடத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏட்டி, ஒன் கைலிய எதுலயோ ஏத்தணும்னு சொன்னியே. இந்தா, இதுல ஏத்து."

"உம்மா, வாப்பா பேசியிருக்காக."

"அவுக என்ன பேசுனாகன்னுதான் கேட்டோமே. ஏத்துட்டி. இன்னைக்குத் தறி ஓடல, கரண்டு போவாது."

கரண்டு போகவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அடித்தேன். உம்மா சோறு வைத்துவிட்டு வந்து வந்து பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் அந்த மிசினைப் பக்கத்தில் வந்து பார்த்ததே இல்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து திரை நிறைந்தபோது, "கரை விட்டுப்போச்சே" என்றாள். கரையும் போட்டேன். பிறகு வயரைச் சொருகி, சிவப்புப் பொத்தானை உம்மாவே அமுக்கினாள். ஏறி முடிந்த உடனே கேசட்டை நிறுத்தினாள்.

மாமி வந்ததும், தம்பி கேசட் வந்திருக்கிறதாமே போடு என்றாள். உம்மா போட்டாள். சலாம், வெயில், பணம். அடுத்து, "கீ...ர்ர்ர்" என்று காது கூசும் இரைச்சல். மாமி பதறிப்போனாள். இரைச்சல் ஓய்ந்து, ஆட்டுக்குட்டியிலிருந்து வாப்பா மறுபடி பேசினார்.

"என்னட்டி இது? கேசட்டு கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போய்விட்டது என்று உம்மா சொல்லியிருக்கலாம். நான் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். அத்தனை வருஷத்தில் அவள் மாமியை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"கெடல மதினி. மிசின மருமவன்ட்ட குடுக்கச் சொல்லி அவுக பேசியிருந்தாக. அந்த எடத்த மட்டும் நாந்தான் அழிச்சேன். அது எம்மவளுக்கு வந்த பொருளு. பள்ளிக்கூடத்த நிப்பாட்டுனீங்க, வாய மூடிக்கிட்டு இருந்தேன். இத விடமாட்டேன்."

"தம்பி பேச்சயா அழிச்ச, பாவி! அவன் வரட்டும்."

"வரட்டும். அவுகள்ட்டயும் இதத்தான் சொல்லுவேன்."

மாமி அன்று சாப்பிடவில்லை. பல மாதம் உம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மச்சான் ஜூலைக் கடைசியில் பெட்டியோடு மட்டும் பஸ் ஏறினார். அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, படித்து மஸ்கட் போய் நன்றாகவே இருந்தார், இன்று அவர் வீட்டில் ஆளுக்கு ஒரு லேப்டாப். மாமி கெட்டவள் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கட்டைகளை முத்தமிட்டது நடிப்பில்லை. ஆனால் அவள் வெட்கப்பட்டதற்கு என் பொருள் போக வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

அடுத்த லீவில் வாப்பா வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து, போட்டுக் காட்டு என்றார். காட்டினேன். திரையையும் தன் இடுப்புக் கைலியையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காட்ட நான் எதுக்கும் இல்லன்னு சொன்னதில்ல மக்கா," என்றார்.

"நீங்க சொல்லவேண்டாம் வாப்பா. நாங்க சொல்லிட்டோம்," என்றேன்.

அதை வைத்துக்கொண்டு என்ன சாதித்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். ஒன்றும் சாதிக்கவில்லை. எஞ்சினியர் ஆகவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் திரும்பவில்லை. கல்யாணமாகிப் போனபோது டிரங்குப் பெட்டியில் கொண்டுபோனேன். இது என்ன சீர் என்று மாமியார் கேட்டார். சீர் இல்லை, என் பொருள் என்றேன். ஒரு பொருள் என்னிடம் இருப்பதற்கு அது என்னுடையது என்பது போதாதா? எதையாவது சாதித்துக் காட்டினால்தான் ஒரு பெண்பிள்ளை ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமா? அந்த டிவி போய்விட்டது, டேப் ரெக்கார்டரும் போய், அதற்குப்பின் பழசாகவே இரண்டு மூன்று வாங்கிவிட்டேன். மிசின் அதேதான். பழையதைச் சேர்ப்பவர்கள் நல்ல விலை தருகிறார்கள் என்று என் மகன் ஓர் ஆளையே கூட்டிக்கொண்டு வந்தான். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நீங்கள் வரும்போது அந்தக் கேசட்டைத்தான் போடுவேன். காது கூசும், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையில் கைலிக் கட்டம் கரையோடு வரும். டேப்பை உடனே நிறுத்திவிட்டு, வயரைக் கழற்றி மறுபடி ஓட விட்டால், இரைச்சல் முடிந்த இடத்திலிருந்து என் வாப்பா பேசுவார். அவர் மண்ணுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன, உம்மாவும் போய்விட்டாள். ஆட்டுக்குட்டி எப்படி இருக்கிறது என்பார், கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்பார், எல்லோருக்கும் சலாம் சொல்வார். கொடுத்துவிடு என்ற சொல் மட்டும் அதில் இல்லை. என் உம்மா அதை இருக்க விடவில்லை.